அய்யனார் குதிரையின் நெற்றிப்பட்டம்

பெரம்பலூரில் பஸ் சீட்டு தைக்கிற ராசாங்கத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு. அந்தக் காலத்து ஜமீன் படைக்குதிரைகளுக்குப் போட்ட அலங்காரச் சாமான் எங்கே கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய் வாங்கிவிடுவான். வெள்ளிக்குமிழ் வைத்த சேணம், கால் வைத்து ஏற யாளிமுகம் போட்ட பித்தளை அங்கவடி, சரிகைக் கடிவாளம், சிவப்பு வெல்வெட்டு முதுகுத்துணி எல்லாம் அவன் வீட்டு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தன. "குதிரையே இல்லாத வூட்டுல குதிரைக்குச் சீர்வரிசை!" என்று பெண்டாட்டி கொளஞ்சி தலையில் அடித்துக்கொள்வாள். அவனுடைய பாட்டன் அந்தக் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போட்டவன். சாமான்மேல் கை பட்டால் சவுக்கடி விழுமாம். அதனாலேயே ஒன்று விடாமல் சேர்த்துவிட வேண்டும் என்று இவனுக்கு ஒரு வெறி. நெற்றிப்பட்டம் மட்டும்தான் பாக்கி.

எண்பத்தொன்றாம் வருசம், மீன்சுருட்டிக்கு அந்தாண்ட ஒரு ஊருக்கு டிராக்டர் சீட்டு தைக்கப் போனவன் அய்யனார் கோயிலில் ஒதுங்கினான். அங்கே பழைய மண்குதிரை ஒன்று முன்கால் உடைந்து சாய்ந்து நின்றது. நெற்றியில் சூரியன் மாதிரி ஒரு வட்டம். திருவிழாவுக்குத் திருவிழா அடித்த எனாமல் பெயிண்டு அதன்மேல் தோசைக் கனத்துக்கு ஏறியிருந்தது. ஊரே அதையும் மண் என்றுதான் நினைத்திருந்தது. ராசாங்கம் சும்மா விரலால் சுண்டினான். டங்கென்றது. நகத்தால் சுரண்டினான்; பெயிண்டு பெயர்ந்த இடத்தில் வெள்ளியும் ஒரு சிவப்புக் கல்லும் மின்ன, அவன் தேடிய நெற்றிப்பட்டமேதான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவனாவது, இருக்கிறதாவது! "வெள்ளிங்க! கெம்புக்கல்லு வேற!" என்று கத்தியேவிட்டான். ஊர் கூடிவிட்டது.

பூசாரி வேம்பு நிதானமாகச் சொன்னார்: "புது மண்குதிரை யாரு செஞ்சு எடுத்து வெக்கிறாங்களோ, பழசுமேல கெடக்கறதெல்லாம் அவங்களுக்கு. அதான் இங்க வழக்கம். ஆனா நேர்ந்து கட்டுன வூட்டாளுங்க மட்டும் அதை அவுக்கக் கூடாது. சாமிக்குக் குடுத்ததைத் திரும்பப் புடுங்குன மாதிரி ஆயிடும்."

"புதுக் குதிரையை நான் எடுக்கறேங்க! எங்க பாட்டன் ஜமீன் குதிரைங்களுக்குப் புல்லறுத்தவருங்க!" என்றான் ராசாங்கம்.

அதற்குள் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் தர்மராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். "புல்லறுத்தவன் பேரனுக்கு நெத்திப்பட்டம் கேக்குதோ? குதிரையை நான் எடுக்கறேன். பட்டம் எனக்கு."

வேம்பு தலையைக் குனிந்துகொண்டார். கைக்கு எட்டியதைக் கண்ணெதிரே பிடுங்குகிறார்களே என்று ராசாங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் குரலை ரொம்பப் பணிவாக்கிக்கொண்டு கேட்டான்: "ஐயா, இது உங்க வூட்டுதுங்களா? வழிப்போக்கன் யாரோ கட்டிட்டுப் போயிருப்பான்னுல்ல நெனச்சேன்."

"எவன்டா வழிப்போக்கன்?" தர்மராஜுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "எங்க பாட்டன் ஜமீன் குதிரைப்படைக்கே தலைவரு! தன் குதிரைக்குச் சீக்கு தெளிஞ்சதுன்னு நேர்ந்துகிட்டு, தன் கையால கட்டுனது இது. கற்பூரத்தைக் கொளுத்து, சத்தியம் பண்றேன்!"

பண்ணினார். வழக்கம் அவருக்கும் தெரிந்ததுதான். பெருமை பேச வாய் திறந்தால் மற்றதெல்லாம் மறந்துபோகிற வம்சம் அது. கற்பூரம் அணைவதற்குள் வேம்பு தலை நிமிர்ந்தார். "எல்லாரும் கேட்டீங்கல்ல? கட்டுன வூட்டாளு அவுக்கக் கூடாது. ராசாங்கம், நீ போயி மண்குதிரை செய்யற வேளாருகிட்ட குதிரைக்குச் சொல்லுப்பா." கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். தர்மராஜ் செருப்பைக்கூட மாட்டாமல் ஜீப்பில் ஏறினார்.

புது மண்குதிரையைக் கோயிலுக்குக் கொண்டுபோகிற குதிரை எடுப்பு அன்றைக்கு ராசாங்கம் அரியலூர் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஜட்கா குதிரையை வாடகைக்குப் பிடித்து வந்தான். எலும்பும் தோலுமான கிழம். ஆனால் சேணமும் அங்கவடியும் கடிவாளமும் வெல்வெட்டும் ஏறி, பெயிண்டு போக்கிய நெற்றிப்பட்டமும் கட்டியதும் அது தலையைத் தூக்கி நின்றதைப் பார்க்க வேண்டுமே! புது மண்குதிரையை ஆட்கள் சுமந்து வர, அவன் முன்னால் ஏறிப் போனான்.

தர்மராஜின் வீட்டு வாசலில் ஜட்கா குதிரை, வாசல் வாசலாகச் சவாரி இறக்கிவிட்ட பழக்கதோஷத்தில் நின்றுவிட்டது. மேளமும் நின்றது. அந்த வாசலைத் தாண்டும்போது ராசாங்கத்தின் சனம் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். பண்ணைக்காரர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமும் அவன் காலையே பார்த்தது.

"எறங்கிடாதீங்க!" என்று கொளஞ்சி பின்னாலிருந்து கத்தினாள்.

ராசாங்கம் குதிகாலால் லேசாகத் தட்டினான். குதிரை நகர்ந்தது. தெருமுனை வரைக்கும் அவன் சேணத்தில் உட்கார்ந்தபடியே போனான்.