பெயர் சொல்லிக் கேட்டவள்

இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு வங்கியின் ரகசியக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டு. சாயங்காலம் என்ன சமையல் என்று கேட்டால்கூட யோசித்துத்தான் வாயைத் திறக்கிறேனாம். ஒருமுறை அவருடைய நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அவரைக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்று பழக்கதோஷத்தில் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனுஷன் ஊசியோடு என்னையே பார்த்தார். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் இந்தக் கதைதான்.

எங்கள் பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜன்னல்களுக்கு மங்கல் கண்ணாடி. உள்ளிருந்தும் தெரியாது, வெளியிலிருந்தும் தெரியாது. வாடிக்கையாளர்களுக்கு இங்கே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் எழுதிய தாள் அரக்கு வைத்த உறையில் மேனேஜரின் பெட்டகத்துக்குள் இருக்கும். போனில் பேசுகிறவர்கள் எண்ணையும், தாங்களே கொடுத்த ஒரு அடையாள வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் ரிசீவரை வைத்துவிடுவோம். வீட்டுக்குத் தபால் வரக் கூடாது என்பவர்களின் கடிதங்கள் எண்வாரியாக என் இழுப்பறைகளில் கிடக்கும். அவர்கள் நேரில் வந்து படித்துக் கையெழுத்துப் போட்டதும், அவர்கள் கண் முன்னாலேயே மெஷினில் கொடுத்துக் கிழித்துவிடுவோம்.

யாராவது ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் எங்களிடம் ஒரே பதில்தான். அப்படி யாரும் எங்களிடம் இல்லை. சொல்லும்போது கண் இழுப்பறைப் பக்கம் போகக் கூடாது. வந்தவரின் விலாசத்தை வாங்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். என்னைப் போல் சொல்ல ஆளில்லை என்று கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

நாலு நாலு ஒன்று ஏழு என்ற எண்ணுக்குரியவர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் செய்வார். எண்ணைச் சொல்லிவிட்டு, "வாலு தூங்கிட்டா" என்பார். அதுதான் அவருடைய வாக்கியம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தன்னைத் தேடி யாராவது வந்தார்களா என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். வைத்துவிடுவார். பத்து வருஷமாக இதேதான். அவர் பேசும்போது பின்னால் ஒரு சத்தமும் இருக்காது. வண்டி ஓசை, காற்றாடிச் சத்தம், மூச்சு விடும் சத்தம், எதுவும் இல்லை. பணக்காரர் வீடு அமைதியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தோள்பை, தூங்காத கண்கள். கண்ணாடித் தடுப்புக்குக் கீழே ஒரு தாளை நகர்த்தினாள். அவள் அப்பாவின் இறப்புச் சான்றிதழ். தேதியைப் பார்த்தேன், எட்டு வருஷத்துக்கு முந்தையது. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது வீட்டை விட்டுப் போனவராம். எங்கேயோ ஒரு விடுதியில் தனியாகச் செத்துப்போனதே இப்போதுதான் தெரிந்ததாம். அவருடைய பழைய சட்டைப் பையில் எங்கள் கட்டடத்தின் விலாசம் இருந்திருக்கிறது. அவர் பெயரைச் சொன்னாள்.

"பணமெல்லாம் வேண்டாங்க. அவரு எங்களை மறந்துட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அவரு இங்க வந்து போனாரா, எனக்குன்னு ஏதாவது சொல்லிட்டுப் போனாரா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

"அப்படி யாரும் எங்ககிட்ட இல்லைங்க."

என் கண் அசையவில்லை. அவள் சான்றிதழை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் டீ குடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். பத்து வருஷம் நேரில் வந்து கையெழுத்துப் போடாத கணக்குகளை மூடுவது எங்கள் வழக்கம். அந்த மாதப் பட்டியலில் நாலு நாலு ஒன்று ஏழும் இருந்தது. அவர் மாதாமாதம் போன் செய்கிறாரே என்றேன். போனெல்லாம் கணக்கில் சேராது என்று மேனேஜர் அரக்கை உடைத்தார். உள்ளே இருந்த தாளைப் படித்தேன். அந்தப் பெண் சொன்ன அதே பெயர்.

இழுப்பறையைக் காலி செய்தேன். கடிதங்களுக்கு அடியில் ஒரு நீல உறை. அதோடு குத்தியிருந்த சீட்டில், என் பெயரைச் சொல்லி யார் வந்து கேட்டாலும் இதைக் கொடுத்துவிடவும் என்று எழுதியிருந்தது. கீழே பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, பக்கத்தில் என் கையெழுத்து. அப்போதுதான் ஞாபகம் வந்தது. கசங்கிய சட்டை போட்ட ஒரு மனிதர், கட்டாயம் கொடுத்துவிடுவீர்கள் இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். கட்டாயம் சார் என்று முத்திரையைக் குத்தி, எண் போட்டு, உள்ளே போட்டேன். பெயரைச் சொல்லி வருகிறவர்களை நான் எப்படி இந்த எண்ணோடு சேர்ப்பேன் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கிறேன் என்று வாங்கி வைத்தவள் நான். வெட்கமாக இருந்தது. உறையின் மேல் பென்சிலில், 'வாலுக்கு' என்று எழுதியிருந்தது.

வியாழக்கிழமை நடந்ததை மேனேஜரிடம் சொன்னேன். வந்தவளின் விலாசம் இருக்கிறதா என்று கேட்டார். விலாசம் வாங்கக் கூடாது என்பதுதானே விதி. அப்படியானால் நாளை மத்தியானம் எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் கிழித்துவிடுங்கள் என்றார்.

கீழே இறங்கிப்போய் டெலிபோன் ஆபரேட்டரிடம் அந்தச் செவ்வாய்க்கிழமைப் போன்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டேன். அவள் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எட்டு வருஷமா அந்த நேரத்துல உங்க லைனுக்கு எதுவுமே வந்ததில்லையே அக்கா. ஒரு மாசம்கூட இல்ல."

என்னுடைய பதிவேட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன, எல்லாம் என் கையெழுத்தில். அன்றைக்கு இராத்திரி கணவர் என்ன ஆச்சு என்று கேட்டார். முதல்முறையாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை.

மறுநாள் முதல் செவ்வாய்க்கிழமை. நீல உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றவை எல்லாம் மெஷின் பக்கத்தில் குவிந்திருந்தன. பதினொரு மணிக்கு மணி அடித்தது. எதிர்மேஜைக்காரர் தலை நிமிரவே இல்லை.

"நாலு நாலு ஒண்ணு ஏழு," என்றது அந்தக் குரல். "வாலு முழிச்சுட்டா."

வாக்கியம் தவறு. விதிப்படி நான் ரிசீவரை வைத்துவிட வேண்டும். வைக்கவில்லை.

"யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க." "உங்க பொண்ணு. அப்படி யாரும் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"எதிர்ல பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கா. நாலஞ்சு நாளா இங்கேயே விசாரிச்சுட்டு இருந்தா, இப்ப ஊருக்குத் திரும்பிப் போறா. அடுத்த பஸ்ஸுல ஏறிடுவா."

ஜன்னலைப் பார்த்தேன். மங்கல் கண்ணாடி வெளுப்பாக நின்றது. ரிசீவரில் இப்போது இரைச்சல்கூட இல்லை.

மேனேஜர் என்னவோ கேட்டார். நான் உறையோடு படியிறங்கிக்கொண்டிருந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வாசலைத் தாண்டும்போது வாட்ச்மேன், "என்னம்மா, தீப்பிடிச்சுதா?" என்றார். சாலையைக் கடந்தபோது ஒரு வண்டிக்காரன் திட்டினான். எதுவும் உறைக்கவில்லை.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் அவள் தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் திருப்பத்தில் தெரிந்தது. எனக்கு மூச்சு வாங்கியது.

"உங்களை வீட்ல வாலுன்னு கூப்பிடுவாங்களா?"

அவள் முகம் மாறியது. அப்பா ஒருத்தர்தான் அப்படிக் கூப்பிடுவார், வேறு யாருக்கும் அது தெரியாது என்றாள். உறையை நீட்டினேன். மேலே இருந்த பென்சில் எழுத்தை விரலால் தொட்டாள். பிரிக்கவில்லை. பஸ் வந்து நின்று, அவளுக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"நான் இங்க இருக்கேன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

இருபத்திரண்டு வருஷப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படி யாரும் இல்லை. எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்பேன். அதை விழுங்கினேன்.

"உங்க அப்பாதாம்மா. இப்பத்தான், போன்ல. மாசாமாசம் நீங்க வந்தீங்களான்னு கேட்டுட்டே இருந்தாரு."

அவள் என்னைப் பைத்தியக்காரி என்று நினைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ பையை நகர்த்தி, பெஞ்சில் எனக்கு இடம் விட்டாள்.

"அவரு என்ன கேட்டாருன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க," என்றாள்.

உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.