விருந்தாளிகளுக்கு ஒரு ஹீட்டர்

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோராம் நாள் காலையில் குளியலறை ஹீட்டர் வெடித்தது. 'டொப்' என்று ஒரு சத்தம்தான். பிறகு தொட்டியின் அடிவயிறு பிளந்து, காவி நிறத்தில் தண்ணீர் கொட்டி, கூடம் வரை ஓடி, நான் இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த அகராதிப் பெட்டிகளை நனைத்தது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். அவளுக்கு ஐம்பத்திரண்டு. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பணிமனையில் அவளுக்குப் பெயர் ஹாரனக்கா. அவள் வண்டியில் மெய்ப்புப் படித்துக்கொண்டே போய் மூன்று முறை என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். நான்காம் முறை அவளே திரும்பி, "சார், எறங்குங்க" என்றாள். ஐந்தாம் முறை வேண்டுமென்றே தவறவிட்டேன்.

பழகிய புதிதில் ஒருநாள் அவள் சொன்னாள்: "விடிகாலை நாலு மணிக்குப் பச்சத்தண்ணில குளிச்சாத்தான் எனக்கு ஸ்டியரிங்ல கை நிக்கும்." நான் உடனே, "நானும் அப்படித்தான். வெந்நீரே தொடமாட்டேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிறந்ததிலிருந்து வெந்நீரில் மட்டுமே குளித்தவன் நான். அதுவும் நாற்பது நிமிடம்.

கல்யாணமாகி அவள் வீட்டுக்குக் குடிபோனதும் வினை தொடங்கியது. அவள் நாலு மணிக்குக் குளிக்கும் சத்தம் படுக்கையில் கேட்கும். மொண்டு ஊற்றுவாள், நடுநடுவே "ஹா!" என்று முழங்குவாள். என்ன வீரம் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு நான் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று குவளை ஊற்றிக்கொள்வேன். பத்து நாளில் எனக்கு மூக்கு என்று ஒன்று இருந்த இடத்தில் குழாய்தான் இருந்தது.

பதினோராம் நாள் அவளுக்கு வார விடுமுறை, தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பூனை மாதிரி நடந்து போய், பல வருடமாக யாரும் தொடாத ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன். மீதிதான் மேலே சொன்னேனே.

"எப்படி ஆச்சு?" என்று ஓடிவந்தாள்.

"தானா வெடிச்சிருச்சு" என்றேன். அதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டிருந்தேன்.

பிளம்பர் வந்து தட்டிப் பார்த்தார். "உள்ள முழுக்கத் துரு. ஒட்டுப்போட இதுல இடமே இல்ல. தூக்கிப் போடுங்க. புதுசு வேணும்னா வாங்கி வைங்க, மாட்டித் தர்றேன். நீங்க ரெண்டு பேரும் பச்சத்தண்ணிங்கறீங்க. அப்புறம் எதுக்கு?"

"விருந்தாளிங்க வந்தா?" என்று நாங்கள் இருவரும் ஒரே மூச்சில் சொன்னோம்.

அன்று மதியமே கடைக்குப் போனோம். சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று ஹீட்டர்கள், குட்டையும் நெட்டையுமாகத் தொங்கின. விற்பனைப் பெண் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். கையில் ஒரு விளம்பரத் தாளைத் திணித்தாள். முதல் வரியே 'நொடியில் வெண்ணீர்' என்றிருந்தது.

"வெண்ணீர்னா வெள்ளத் தண்ணிங்க. பால் மாதிரி வருமா?" என்று பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன். என் மனைவி முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தாள். அந்த இடியிலேயே எனக்கு லேசாகத் தலை சுற்றியது. கடைக்கு ஜோடியாக வந்து இடி வாங்குவது எனக்கு வாழ்க்கையில் முதல் தடவை.

"வீட்டுல எத்தனை பேரு?" என்றாள் விற்பனைப் பெண்.

"ரெண்டு பேரு" என்றேன். 'ரெண்டு' என்ற சொல் அத்தனை ருசியாக இருந்ததால் இன்னொரு தடவையும் சொன்னேன்.

"ஷவரா, வாளியா?"

"எங்களுக்கு இல்ல. விருந்தாளிங்களுக்கு" என்றாள் இவள்.

"எத்தனை விருந்தாளிங்க வருவாங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வருவாங்க" என்றேன் நான். "எப்பவாவது" என்றாள் அவள்.

"எப்பவாவதுன்னா சின்னதே போதும். பழைய ஹீட்டர் எப்படிங்க போச்சு?"

"காலையில தானா வெடிச்சுதும்மா" என்றேன்.

"சுவிட்சு போடாம அது சூடாகாதே. சூடாகாம எப்படி வெடிக்கும்? யாரு போட்டீங்க?"

இருபத்தேழு வருடம் மற்றவர்கள் பிழையைப் பிடித்த எனக்கு அப்போது வாய் குழறியது. அந்த நேரம் பார்த்துத் தும்மல் வேறு வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவது தும்மலுக்கும் ஏழாவதற்கும் நடுவில், "நான்தான்" என்றேன். "பத்து நாளா செத்துட்டேன்ங்க. எனக்கு வெந்நீர் இல்லாம முடியாது. பொய் சொல்லிட்டேன்."

என் மனைவியின் முகம் சிவந்தது. கோபமோ என்று பயந்தேன். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் வீட்டுல குளிக்கவே இல்ல."

"என்னது?"

"டெப்போல வெந்நீர் வரும். அங்க போய்த்தான் குளிச்சேன். உங்ககிட்ட அன்னிக்குப் பந்தாவுக்குச் சொல்லிட்டேன், அதான் வீட்டுல சும்மா தண்ணிய மொண்டு தரையில ஊத்துவேன்."

"அப்ப அந்த 'ஹா'?"

"அது உனக்காகத்தான்யா கத்தினேன்!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை நாங்கள் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசிக்கொள்வோம். 'உனக்காகத்தான்யா' என்பது என் காதில் விழுந்ததும் ஐம்பத்தாறு வயதும் கழன்று கீழே விழுந்தது போலிருந்தது. சிரிக்கத் தொடங்கினேன். அவளும் தொடங்கினாள். நிறுத்தலாம் என்று நினைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "ஹா!" என்போம், மறுபடி பொத்துக்கொண்டு வரும். விற்பனைப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்தக் கடையில பன்னெண்டு வருஷமா நிக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். அவளாலும் முடிக்க முடியவில்லை.

ஒருவழியாகத் தெளிந்து உண்மையைச் சொன்னோம். நான் நாற்பது நிமிடம். அவள் காலை ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை.

"அப்ப சின்னது காணாது" என்று விற்பனைப் பெண் காரியத்தில் இறங்கினாள். கேஸில் ஓடுவது வேண்டாம்; எங்கள் குளியலறை ஜன்னல் உள்ளங்கை அளவு, புகை வெளியே போகாது. சூரிய ஒளியில் சூடாவதற்கு மொட்டை மாடி வேண்டும். மாடி ஆறு குடும்பத்துக்குப் பொது. நொடியில் சுடுவதற்கு எங்கள் வீட்டு வயர் தாங்காது. கடைசியில் ஐம்பது லிட்டர்த் தொட்டி ஒன்று மிஞ்சியது. குண்டாக, படுத்தவாக்கில், ஒரு நல்ல தலையணை மாதிரி.

"சுவர் அகலம் எவ்வளவு?"

அளந்து வரவில்லை. அவள் யோசித்து, "ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு பக்கச் சுவரும் விரல்ல தட்டும்" என்றாள். உடனே கடை நடுவில் கைகளை விரித்து நின்றாள். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை, அவள் மூச்சுப் படும் தூரத்தில், நடந்தேன். நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர். நடுவில் கூச்சத்தில் அவள் கையை மடக்கியதால் மூன்று முறை அளக்க வேண்டியதாயிற்று. நான்காம் முறை எதற்கு என்று கேட்டாள். டேப்பைச் சுருட்டி விற்பனைப் பெண்ணிடம் நீட்டினேன்.

மறுநாள் அவள் பணி முடிந்து வந்தபின் பிளம்பர் அதை மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. தண்ணீர் சுட்டுச் சிவப்பு விளக்கு அணைந்ததும், "யாரு மொதல்ல?" என்றார்.

"நீ போ." "இல்ல, நீ போ."

"நான் வேணா போகட்டா?" என்றார் பிளம்பர்.

அவள் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டு வந்தது. தாளம் சுத்தமாக இல்லை. நான் ஸ்டூலைப் போட்டு வெளியே உட்கார்ந்து, ஈரம் காயாத அகராதியின் பக்கங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பாட்டை நிறுத்தி நிறுத்தி, "இன்னும் சூடாவே வருதுய்யா!" என்று அறிவித்தாள்.

"கொஞ்சம் மிச்சம் வைடி!" என்றேன். அந்த 'டி' என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. உள்ளே குவளை கீழே விழும் சத்தமும், அவள் சிரிக்கும் சத்தமும் கேட்டன.