கண்ணாடி அறைக்குப் பொறுப்பாளர்

வெளியே பனி. கடல் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஷார்ஜாவிலிருந்து வரும் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு, தண்ணீருக்கடியில் நீந்துவதுபோல வந்து போயின. மளிகைக் கடையின் கோடியில் நின்று மணிகண்டன் கண்ணாடி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அரிசி மூட்டைகள் கிடந்த இடம் அது. ஷார்ஜாவில் மது சொட்டுக் கிடையாது. எல்லை தாண்டிய இந்தச் சின்ன ஊரில் மளிகைக் கடைக்கும் பீர், ஒயின் விற்க உரிமம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூட்டைகள் போயின, கண்ணாடி வந்தது. வெளியில் நிற்பவர் கண்ணில் புட்டி படக் கூடாது என்பதால் கண்ணாடியில் பால் நிறத் தாள் ஒட்டியாயிற்று. உள்ளே மங்கலான பச்சை விளக்கு, நல்ல குளிர். சரக்கு இன்னும் வரவில்லை. தட்டுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கத் திராட்சைச் சாறு புட்டிகளை அடுக்கி வைத்திருந்தான்.

மேனேஜர் பக்கீர் பாய் தலையை நீட்டினார். கீழக்கரைக்காரர்.

"லைசென்ஸ் ஆபீசர் இன்னிக்கு வர்றாராம் தம்பி. நீங்கதான் இன்சார்ஜு. மொதலாளி உங்க பேரச் சொல்லிட்டாரு."

"சரி பாய்."

"எதக் கேட்டாலும் சரி பாய்தான். உங்கள விட்டா யாரு இருக்கா? இந்த ரூமுக்கு இன்சார்ஜா இருக்கறவன் முஸ்லிமா இருக்கப்படாதுங்குறான். இங்க நானு, ஜுபைதா, அந்தப் பெங்காலி, மலையாளத்துப் பயலுவ, எல்லாம் நம்ம ஆளுவ. நீங்க ஒருத்தர்தான் துன்னூறு பூசுற ஆளு."

"நான் பூசறதில்லையே பாய்."

"ஆபீசர் வர்ற நேரமாச்சும் பூசுங்க. கொறஞ்சா போயிருவீங்க?"

பில் போடும் இடத்திலிருந்து ஜுபைதாவின் குரல் வந்தது. "துன்னூறு மூணாவது ரேக்குல இருக்கு பாய். ஊதுபத்திக்குப் பக்கத்துல. எடுத்தா பில் போட்டுருவேன்."

பக்கீர் பாய் சிரித்துக்கொண்டே போனார். மணிகண்டன் சிரிக்கவில்லை.

தோஹாவில், நஜ்மா பகுதியில், ஆமிராவைக் கட்டிக்கொள்வதற்காகக் கலிமா சொல்லி முஸ்லிமானவன் அவன். நம்பித்தான் சொன்னானா என்றால் அவனுக்கே தெரியாது. அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள், சொன்னான். பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றவில்லை. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். அங்கே இருக்க முடியாமல் இங்கே வந்தான். கல்யாணம் ஆனவன் என்பதுகூட இங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அதிலிருந்து எதுவும் உறைப்பதில்லை. மிளகாயைக் கடித்தால்கூட, காரம் வேறு யாருடைய நாக்கிலோ எரிந்தது.

இந்த அறை அவனுக்குப் பிடித்திருந்தது. கதவைச் சாத்தினால் கடைச் சத்தம் எங்கோ தொலைவுக்குப் போய்விடும். பொறுப்பாளர் ஆகிவிட்டால் நாள் முழுக்க இதற்குள்ளேயே இருக்கலாம். ஒரு வார்த்தை போதும். முஸ்லிமா என்று கேட்பார்கள். இல்லை என்றால் ஆயிற்று. ஆனால் முஸ்லிம் இல்லையென்றால், ஆமிராவுக்கு அவன் யார்? அந்த நிக்காஹ் என்ன?

கதவைச் சாத்திக்கொண்டு நின்றான். பனி பால் தாளின் வழியே உள்ளே கசிவதுபோல இருந்தது. ஆமிரா கூடையோடு வந்து நின்றாள். வெளிப் பனியில் முக்காட்டு ஓரம் நனைந்திருந்தது.

"இங்க என்ன விக்கிறீங்க?" என்றாள்.

"குளிர்."

"அதுக்கும் லைசென்ஸ் வேணுமா?"

கதவு திறந்தது. அங்கே அவள் இல்லை.

அதிகாரி வயதில் சிறியவர், உள்ளூர் அரபி. வெள்ளைக் கந்தூரா அங்கியின் விளிம்பு ஈரமாயிருந்தது. இந்தி நன்றாகப் பேசினார். பூட்டைப் பார்த்தார், தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "நல்ல அறை," என்றார். "நீதான் பொறுப்பா?"

"ஆமாம்."

"நீ முஸ்லிமா?"

"ஹிந்து சாப், பக்கா ஹிந்து," என்று பக்கீர் பாய் முந்திக்கொண்டார்.

"அவரே சொல்லட்டும்."

மணிகண்டன் வாயைத் திறந்தான். இல்லை என்ற சொல் நாக்கின் மேலேயே கிடந்தது. துப்பினால் போதும். துப்ப முடியவில்லை.

"முஸ்லிம்தான்," என்றான். "கல்யாணத்துக்காக ஆனேன்."

பக்கீர் பாய்க்குப் புரையேறியது.

"மனைவி இங்கேயா இருக்கிறார்?"

"இறந்துவிட்டாள். தோஹாவில் அடக்கம்."

அதிகாரி பூட்டிலிருந்து கையை எடுத்தார். "அல்லாஹ் யர்ஹம்ஹா," என்றார் மெதுவாக. இறைவன் அவளுக்கு இரங்கட்டும். இந்த ஊரில் அவனிடம் அதைச் சொன்னவர் எவருமில்லை. "ஆமீன்," என்றது அவன் வாய், அவனைக் கேட்காமலே. அப்போதுதான் கை விரல்கள் விறைத்துப்போய் வலிப்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக இந்தக் குளிரில் நிற்கிறோம் என்று திடுக்கிட்டான்.

"வேறு ஆளைக் காட்டுங்கள். அதுவரை பூட்டியிருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அதிகாரி பனிக்குள் போனார்.

பக்கீர் பாய் தலையில் கைவைத்தார். "மொதலாளி என்னய உரிச்சுத் தொங்க விட்டுருவாரு. முன்னமே சொல்லித் தொலஞ்சா என்னய்யா?"

மணிகண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

பாய் அருகே வந்தார். குரல் இறங்கியது. "எப்ப மவுத்தானாங்க?"

"போன வருஷம்."

"அவங்களுக்கு ஃபாத்திஹா ஓதுனீங்களா?"

"எனக்கு முழுசாத் தெரியாது பாய். அவதான் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா. பாதியில..."

"சரி, சரி. நான் ஓதுறேன், கூட வாங்க." கையைத் தூக்கியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அட, இந்த ரூமுல வேணாம். வெளிய வாங்க."

கடையின் பின்கதவைத் திறந்தார். பனி முகத்தில் அறைந்தது. பில் போடும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு ஜுபைதாவும் முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து ஒதுங்கி நின்றாள். பாயின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. முதலாளிதான். எடுக்கவில்லை.

"அவங்க பேரச் சொல்லுங்க தம்பி," என்றார்.

மணிகண்டன் சொன்னான்.