நாற்பது மடங்கு

"நாற்பது மடங்குன்னு நீதான எழுதிக் குடுத்த ரெபெக்கா? இப்ப வந்து பயமுறுத்தாத. டோல்வேல கார் ஓட்டிட்டு இருக்கேன்."

"ஓரமா நிறுத்துடா ஸ்டெபின்."

"இங்க எங்க நிறுத்துறது? சொல்லு, கேக்குறேன்."

சான்டா கிளாரா அலுவலகத்தின் பின்படிக்கட்டில் ரெபெக்கா போனைக் காதில் வைத்தபடி நான்காவது முறையாக ஏறி இறங்கினாள். தொலைவில், பிளானோ நகரில், இன்னும் அரை மணியில் ஸ்டெபின் அவர்களுடைய கம்பைலரை, புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருளை, ஒரு வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். வானிலைக் கணக்கைச் சூப்பர் கம்ப்யூட்டரின் ஆயிரம் பிராசஸர்களுக்குப் பங்கிட்டு நாற்பது மடங்கு வேகமாக முடிக்கும் என்பது அவள் அளந்து சொன்ன எண். ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் அவர்கள் குழுவே இருக்காது. வேலை விசாவில் இருக்கும் ஸ்டெபினுக்கு அதன்பின் நாட்டைவிட்டுக் கிளம்ப அறுபது நாள்தான்.

"கணக்கு நடக்கவே இல்லடா. நேரத்தை மட்டும் அளந்தேன், விடையை எங்கயும் பிரிண்ட் பண்ணல. யாருக்கும் வேண்டாத விடைன்னு நம்ம கம்பைலர் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுற அந்த லூப்பையே தூக்கிடுச்சு."

"ஆயிரம் பிராசஸரும்?"

"சும்மா இருந்திருக்கு."

ஸ்டெபின் சிரித்தான். "நானும் ஆபீஸ்ல அப்படித்தான் இருக்கேன். என்னை யாரும் நாற்பது மடங்குன்னு சொல்லலியே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரம் அறைகளிலும் விளக்கெரிய, ஓர் அறையிலும் ஆளில்லாத ஒரு கட்டடம் காலையிலிருந்து அவள் கண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தது.

"பிரிண்ட் பண்ணி ஓட்டிப் பாத்தியா?"

"இப்பதான். ஒன்றரை மடங்கு."

போனில் அவன் காரின் இண்டிகேட்டர் டிக்டிக்கென்று அடித்தது. பிறகு எஞ்சினும் நின்றது.

"நம்ம ரெண்டு பேருக்கும்தான தெரியும்?" என்றான் மெல்ல.

"வாங்கினப்புறம் அவங்களே ஓட்டுவாங்கடா. அப்ப தெரியாதா?"

"அதுக்குள்ள எனக்கு கிரீன் கார்டு வந்துடும்." இந்த முறை அவனும் சிரிக்கவில்லை. "ஒன்றரைக்கு எவன் காசு குடுப்பான், சொல்லு?"

"தெரியல."

கார் கதவைச் சாத்தும் ஓசை. யாரோ அவன் பெயரை ஆங்கிலத்தில் உற்சாகமாகக் கூப்பிட்டார்கள். அவனும் அதே உற்சாகத்தோடு பதில் சொன்னான். ரெபெக்கா படியிலேயே உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள்.

"ஸ்டெபின், இருக்கியா? ஒன்றரைன்னு மாத்தின புது ஸ்லைடை மெயில் பண்ணிட்டேன். தப்பு என்னோடதுன்னு என் பேரைச் சொல்லியே சொல்லு. ஆனா பழையதைக் காட்டாதடா, ப்ளீஸ்."