சிகாமணி மாமாவிடம் குடிவந்த ஒளி

எங்கள் ஊரில் சந்திரகாந்தக் கல்லுக்குள் இருக்கும் ஒளி, கல் பிடிக்காமல் போனால் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடும். அதைக் குறை சொல்ல முடியாது. பால் கலந்த தண்ணீர் போன்ற கல்லின் தோலுக்கு அடியில், எதிலும் ஒட்டாமல், நீலமாக மிதந்துகொண்டிருப்பது அது. கல்லை இந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் நகரும். வழவழப்பான, மேடான இடம்தான் அதற்கு வசதி. அதனால் என் நகைக்கடையில் இந்தக் கல்லுக்குப் பட்டை தீட்டுவதில்லை. நுங்கு மாதிரி உருட்டி விடுவோம்.

பூங்கோதை கல்யாண மோதிரத்துக்கு என்னிடம்தான் வந்தாள். மரச்சாமான் பட்டறை நடத்துகிறவள். தட்டிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்து, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இது என்னையப் பாத்து நகருதுங்கண்ணா.”

“சீக்கிரம் கீறல் விழற கல்லு, அம்மணி. பட்டறைக்குப் போட்டுட்டுப் போகாதே.”

தலையாட்டினாள். ஆனால் கழற்ற மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் தன் கட்டிலுக்குத் தானே உப்புத்தாள் தேய்த்தபோது கல்லில் கீறல் விழுந்துவிட்டது. காலையில் மண்டபத்தில் பார்த்தால் மோதிரத்தில் ஒளி இல்லை. கல் வெறும் கஞ்சித் தண்ணீராக இருந்தது.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை கல்லைப் பிடித்துச் சாய்ப்பார். ஒளி பெண் பக்கம் நகர்ந்தால்தான் கெட்டிமேளம். ஒளி போய்விட்டால், அது திரும்பும்வரை கல்யாணம் இல்லை. அப்படிக் காத்திருந்து தலை நரைத்த ஜோடிகள் இருக்கிறார்கள். அன்றும் சிலர் மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரும் தேடினோம். பித்தளைக் குடங்களைப் பார்த்தோம். மண்டபத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தோம். இட்லிகளைத் திருப்பிப் பார்த்தோம். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக் காட்டினார், அங்கும் இல்லை.

கடைசியில் மாப்பிள்ளை யுவராஜ்தான் கண்டுபிடித்தார். தூணுக்குப் பின்னால் அவருடைய தாய்மாமன் சிகாமணி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம். குடும்பத்துப் புகைப்படங்களில் அவருடைய முழங்கை மட்டும்தான் இருக்கும். அவருடைய வழுக்கைத் தலையில் ஒளி நிதானமாக மிதந்துகொண்டிருந்தது. அவர் அடுத்த பக்கத்தைப் பார்க்கக் குனிந்தபோது பின்மண்டைக்கு நகர்ந்தது.

“நான் ஒண்ணுமே பண்ணலீங்க. தலை சில்லுனு இருந்துச்சு. காத்துன்னு நெனச்சேன்” என்றார்.

நான் மோதிரத்தைக் கீறல் போகத் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்து, அவர் தலைக்கு அருகில் நீட்டினேன். ஒளி விளிம்புவரை வந்து பார்த்தது. பிறகு உச்சந்தலைக்கே போய்விட்டது.

“துண்டைப் போட்டு இறுக்கி மூடினா வந்துரும்” என்றேன். அது உண்மை. மூடிய இடத்தில் அது தங்காது.

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்தார். மண்டபமே தூணைச் சுற்றி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சுவரிலிருந்த கண்ணாடியில் ஒருமுறை தன்னைப் பார்த்துக்கொண்டார். தலையை மெல்ல இடப்புறம் சாய்த்தார், பிறகு வலப்புறம். பிறகு துண்டை விரித்தார்.

பூங்கோதை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாங்க மாமா. அது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“கண்ணு, அப்புறம் உன் கல்யாணம்?”

“நீங்க மேடைக்கு வாங்க.”

மணமக்கள் இருவருக்கும் நடுவில் மாமாவை உட்கார வைத்தோம். பூங்கோதை வெறும் கல் மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள். யுவராஜ் தன் மாமாவின் தலையை இரு கைகளாலும் பூசணிக்காயைத் தூக்குவதுபோலப் பிடித்து, மெதுவாகச் சாய்த்தார். ஒளி உச்சியில் கொஞ்சம் தயங்கியது. பிறகு வழுக்கிக்கொண்டே பூங்கோதை பக்கம் போய், காதோரம் நின்றது.

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை எல்லாம் மாமாவின் மேலேயே விழுந்தது. எல்லாப் புகைப்படங்களிலும் அவர்தான் நடுவில் இருந்தார். மணமக்களின் முழங்கைகளும் நன்றாக விழுந்திருந்தன.

பந்தி தொடங்கியபோது, ஒளி குடிவந்த மாமாவைப் பார்க்க மண்டபத்துக் கிணறே எழுந்து உள்ளே வந்தது. கடைசி வரிசையில் இடம் இருந்தது. இலை போட்டோம். பாயசத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொண்டது.