ஜாயிண்டரின் குரல்

1.

இதை எழுத நான் உட்காரவில்லை. தொலைபேசித் துறையில் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்விளக்கக் கையேடு ஒன்று எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ‘ஜோடி’ என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நின்றேன். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்காவிடம் கேட்டேன்.

“ஒரு லைனுக்கு ரெண்டு கம்பி. ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கிட்டே போகும். அப்பத்தான் பக்கத்து லைன் பேச்சு இதுல கலக்காது” என்றாள். பிறகு, “அவரும் இப்படித்தான் சொன்னார்.”

“எவரு?”

கையேடு அத்தோடு நின்றது.

2.

முதல் தொடக்கம்: வானம் இருண்டு, மழை எந்த நேரத்திலும்...

(அடித்துவிட்டேன். அன்று மண்டையைப் பிளக்கும் வெயிலாம்.)

இரண்டாம் தொடக்கம்: சாலை தோண்டிய இயந்திரம் பெரிய கேபிளை அறுத்துவிட்டது. சுற்றுவட்டாரத் தொலைபேசிகள் எல்லாம் ஊமையாயின. குழிக்குள் இறங்கி இணைத்தவர் ஜாயிண்டர். எந்த ஜோடி எது என்று தெரிய, நிலையத்திலிருந்து ஒவ்வொரு ஜோடியிலும் ஒலி அனுப்பியது அக்கா. எதில் கேட்கிறது என்று அவர் சொன்னதும் அடுத்தது. இருவரும் பேசிக்கொள்ள மட்டும் ஒரு ஜோடி.

முதலில் எண்களைத்தான் பேசினார்கள்.

“மேடம், சாப்பிட்டீங்களா?”

“வேலையைப் பாருங்க.”

“பார்த்துக்கிட்டேதான் கேக்கறேன்.”

(இங்கே அவருக்கு மீசை வைத்தேன், எடுத்துவிட்டேன். அதுவரை அக்காவே பார்த்திராத முகத்துக்கு நான் யார் மீசை வைக்க?)

3.

வேலை முடிந்தது. மறுநாளும் கூப்பிட்டார். ஒரு லைன் சரியில்லையாம். அக்கா சோதித்தாள்.

“லைன் நல்லாத்தானே இருக்கு?”

“தெரியும்.”

அக்கா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்த நிமிடம் ஒரு...

(எதைப் போட்டாலும் பொய்யாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன்.)

அதன்பின் தினமும் ஏதாவதொரு லைன் ‘கெட்டுப்போனது’. ஒருநாள், “எனக்கு மாற்றல் வந்திருச்சு மேடம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பூங்கா ஓரத்துப் பெட்டிகிட்ட இருப்பேன்” என்றார்.

அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். தெருவோர இணைப்புப் பெட்டியைத் திறந்துவைத்துக் குந்தியிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாங்கம்மா. வீட்டு லைன் வேலை செய்யலையா?”

அவருக்குத் தெரிந்தது அக்காவின் குரல் மட்டும். வாயைத் திறந்தால் போதும்.

4.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அது பிந்தைய கதை. அந்தத் தெருவின் முடிவு அதுவல்ல.

ஆகவே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா பேசுகிறாள்; அவர் கையிலிருந்த கம்பிகளை விட்டுவிட்டு எழுகிறார். மற்றதில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பி நடக்கிறாள்.

அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தாள்.

“ரெண்டுலயும் நான் என்ன செஞ்சேன்னே குடையற. அவர் என்ன செஞ்சார்னு நீ கேக்கவே இல்லையே?”

“என்ன செஞ்சார்க்கா?”

“இப்ப கேட்டா சொல்லிடுவேனா?”

முகம் சிவந்திருந்தது. அந்த வயதில் அப்படிச் சிவக்கும் என்று நான் நினைக்கவில்லை. எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வெளியே நிற்கிறேன். உடன்பிறந்தவனிடம் சொல்லக் கூச்சப்படலாம். இதைப் படிக்கும் நீங்கள் அந்நியர். மெல்லத் தட்டிப் பாருங்கள்.