வளவுக்கு விலை பேசிய ஆம்பிளைகள்

"வீடு வாங்கப் போறன்" என்று தனுஷியா சொன்னபோது, கந்தோரில் பக்கத்து மேசைக்காரி தொடங்கி ஊர்ச் சில்லறைக் கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஆ, சந்தோசம். மாப்பிள்ளை ஆரு?"

மாப்பிள்ளை ஒருவரும் இல்லை. வீடு மட்டும்தான். அதை எத்தனை பேருக்குத்தான் விளங்கப்படுத்துவது?

இந்தப் பக்கத்தில் வீடென்றால் அது பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் வந்தால் பெற்றவர்கள் வீட்டை அவள் பேரில் எழுதிவிட்டு இறங்கிவிட வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். தனுஷியாவின் அப்பா கோணாமலை, மட்டக்களப்பு வாவியில் வலை வீசி ஆரையம்பதியில் ஒரேயொரு கல்வீடு கட்டினார். அது அக்கா றஞ்சிதாவின் சீதனமாகப் போனது. அத்தான் பிரதீஸ் வந்து ஏறினார். அப்பாவும் அம்மாவும் பின்பக்கம் சாய்த்து இறக்கிய தகரப் பத்திக்குள் இறங்கினார்கள். இரண்டாவது மகளுக்கு அத்திவாரம் வெட்டக்கூட நேரம் கொடுக்காமல் அப்பா செத்துப்போனார்.

அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் தனுஷியா. பட்டமளிப்புப் படம் சுவரில் பெரிதாகத் தொங்கியது. கிருஷாந் என்ற மாப்பிள்ளையின் தாய் பெண் பார்க்க வந்து, அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தாள். "வடிவா இரிக்கு" என்றாள். பிறகு பலகாரத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "சரி, பிள்ளைக்கு வீடு எங்க இரிக்கு?"

வீடில்லை என்றதும் அந்தப் பலகாரம்தான் மிச்சம்.

அரசாங்க உத்தியோகம் கிடைத்த பிறகும் தனுஷியா படுத்தது அக்கா வீட்டு மண்டபத்தின் ஒரு மூலையில். அத்தான் கிரிக்கெட் பார்த்து முடித்தால்தான் அவளுக்கு நித்திரை. வேலியோரம் அவள் பாத்தி கட்டிக் கொச்சிக்காய்க் கன்று நட்டாள். மிளகாய் காய்க்கத் தொடங்கிய கிழமை அத்தான் அதற்கு மேல் கொங்கிரீட் போட்டார், மோட்டார் சைக்கிள் நிறுத்த. "கொச்சிக்காய் சந்தையில வாங்கலாம்தானே" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. வீடு அவர் பெண்சாதியுடையது.

அன்றைக்கு முடிவெடுத்தாள். தனக்கென்று கதவு சாத்துகிற ஓர் அறை. கேட்டுக் கேட்டு நடத் தேவையில்லாத மண். அவ்வளவுதான்.

ஆரையம்பதிப் பக்கத்துக் காணி விலைக்கு அவளுடைய ஆயுள் காணாது. வெளிநாட்டுக் காசு வந்து விலையைத் தென்னை உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தது. அதனால் மண்முனைப் பாலத்தைத் தாண்டி, வாவியின் மறுகரையான படுவான்கரையில் தேடினாள். சனி ஞாயிறு முழுக்க ஸ்கூட்டியில் புழுதி குடித்து, விற்க முடியாத அரசாங்கப் பெர்மிட் காணிகளையும் வழக்குக் காணிகளையும் கழித்துவிட்டுப் பார்த்தபோது ஒன்று தேறியது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, கட்டுக்கிணறு. முன்னால் இரண்டு மாமரம். பின்னால் தென்னையும் தேசிக்காய் மரமும் போக, மரவள்ளிக்கும் கத்தரிக்கும் தாராளமாக இடம். வேலிக்கு அங்கால வயல். உறுதிப் பத்திரமுள்ள காணி, வங்கி கடன் கொடுக்கும். விலை நாற்பத்திரண்டு இலட்சம். அவளுடைய கடனும் சேமிப்பும் சேர்ந்து தொடுகிற கடைசிக் கிளை அது.

வீட்டுக்கார வினாயகமூர்த்தி தொலைபேசியில் மரியாதையாகத்தான் கதைத்தார். "விலைக் கதைக்கு ஒரு ஆம்பிளையோட வாங்க பிள்ளை. பொம்பிளப் பிள்ளையோட காசுக் கதை கதைச்சா நல்லா இரிக்காது."

கடன் கட்டப் போவது இந்தப் பொம்பிளப் பிள்ளைதான் என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டு அத்தானைக் கூப்பிட்டாள். அவள் விட்ட பிழை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிரதீஸ் கலியாண வீட்டுக்குப் போகிறவர் போல வெளிக்கிட்டார். கறுப்புக் கண்ணாடி வேறு. புறப்படும்போது அம்மா சீதேவிப்பிள்ளை தனுஷியாவின் கையைப் பிடித்தாள்.

"மருமகன் கதைக்கட்டும். நீ வாயத் திறக்காத புள்ள. உன்ட வாய்க்கு வீடு வளவு வாங்க ஏலாது."

அத்தான் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, இவள் ஸ்கூட்டியில் பின்னால் போனாள். போய் இறங்கியதும் வினாயகமூர்த்தி பிரதீஸைக் கைகொடுத்துக் கூட்டிப்போய் நல்ல கதிரையில் இருத்தினார். தனுஷியாவைப் பார்த்து, "உள்ள போங்க பிள்ளை, குசினிக்க அவ இரிக்கா" என்றார்.

குசினிக்குள் அவர் பெண்சாதி வதனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பலகை ஒன்றைக் காலால் தள்ளிவிட்டாள்.

"இரிகா. தேத்தண்ணி கொதிக்குது."

குசினிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு திரைச்சீலைதான். மண்டபத்தில் விழுகிற ஒவ்வொரு சொல்லும் உள்ளே கேட்டது. அங்கே இப்போது பிரதீஸ் தன் மோட்டார் சைக்கிள் என்ன விலைக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன்கா விக்கிறீங்க?" தனுஷியா மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு ரெண்டும் ஆம்பிளப் பிள்ளை. பெரியவன் செங்கலடியில பெண்சாதி வீட்டில. சின்னவன் களுவாஞ்சிகுடியில பெண்சாதி வீட்டில. பொண் பிள்ள இல்லாத வீட்டில மறுகா ஆரு இரிக்க?"

"வீடு ஆருட பேரில?"

"எண்ட பேரில. எங்கட அம்மா எனக்குக் குடுத்தது."

"அப்ப நாப்பத்திரெண்டு நீங்க சொன்ன விலையா?"

வதனி துருவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "என்னட்ட ஆரு கேட்ட? புரோக்கர் வந்த அண்டைக்கும் நான் இஞ்சதான் தேங்காய் துருவின."

தனுஷியாவுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுபோனது. வெளியே வினாயகமூர்த்தியின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை எந்த ஊர் தம்பி?"

"லண்டன்" என்றார் பிரதீஸ்.

குசினிக்குள் தேத்தண்ணிக் கோப்பை தனுஷியாவின் கையில் அப்படியே நின்றது.

"லண்டனா!"

"இஞ்சினியர் அண்ணன். அங்க சொந்த வீடு. இது சும்மா, பேருக்கு ஒரு சீதன வீடு இஞ்சயும் இரிக்கட்டும் எண்டு."

வதனி புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தாள். "லண்டனுக்கா புள்ள போறா?"

"நான் கொழும்புக்கே ரெண்டு தரம்தான் போன" என்றாள் தனுஷியா.

மண்டபத்தில் கதிரை ஒன்று கிறீச்சிட்டது. வினாயகமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"உண்மையச் சொன்னா தம்பி, நாப்பத்திரெண்டு புரோக்கர் சொன்ன விலை. கிணத்துத் தண்ணி கற்கண்டு. கறுத்தக் கொழும்பான் மாமரம் ரெண்டு நிக்குது. நாப்பத்தெட்டு இல்லாட்டி எனக்குக் கட்டாது."

பிரதீஸ் அதிகம் என்று சொல்லவேண்டிய இடம் அது. ஆனால் லண்டன் மாப்பிள்ளைக்குச் சகலன் விலை குறைக்கச் சொல்லலாமா? "காசு ஒரு பிரச்சினையில்ல அண்ணன்" என்றார்.

"அப்ப ஒரு அம்பது எண்டு முடிப்பம். முழு எண் நல்லதுதானே."

"முடிப்பம், முடிப்பம்."

எட்டு இலட்சம். இல்லாத ஒருவனுக்காக, அவளுடைய சம்பளத்தில். தேத்தண்ணியை அடுப்புக் கல்லில் வைத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துத் தள்ளினாள் தனுஷியா.

"லண்டன்ல எனக்கு ஒருத்தனும் இல்ல. மாப்பிள்ளையே இல்ல. நான் மாசச் சம்பளக்காரி. கடன்பட்டு வாங்கிறன். அம்பது எண்டா நான் செத்த பிறகும் கட்டவேணும்."

பிரதீஸின் முகம் கறுத்தது. "தனுஷியா, உள்ள போ. நான் கதைக்கிறன்தானே?"

"நீங்க கதைச்சுத்தான் எட்டு லெச்சம் ஏறியிருக்கு அத்தான். இன்னும் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சா அறுபதுக்குப் போகும்."

"உன்ட மானத்துக்காகத்தான்டி சொன்ன! மாப்பிள்ளை இல்லாம வீடு வாங்கிறாள் எண்டு ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். சிரிக்கிறவன் ஒருத்தனும் தவணை கட்டப் போறதில்ல."

பிரதீஸ் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "இனி உன்ட ஒரு கதைக்கும் நான் வரமாட்டன். அம்மாவும் வரமாட்டா. பாத்துக்கொள்" என்றார். மோட்டார் சைக்கிள் சத்தம் வயல் வெளி முழுக்கக் கேட்டு, பிறகு இல்லாமல் போனது.

வினாயகமூர்த்தி எழுந்தார். "போயிட்டு வாங்க பிள்ளை. இனிக் கதைக்க ஆளில்ல."

"வீட்டுக்காரி இரிக்கா. அவவோட கதைக்கிறன்." தனுஷியா திரும்பினாள். "அக்கா, உங்கட வளவு. விலைய நீங்க சொல்லுங்க."

வதனி துருவற்பூக் கையோடு திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றாள். "எனக்கென்ன தெரியும். அவர்..." என்று தொடங்கியவள் புருசனைப் பார்த்தாள். இந்த ஒரு கேள்வி நெடுநாளாக அவள் மனசில் கிடந்தது போல. "காசு வந்தா என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்யிற? பெரியவன்ட வான் லீசிங் கடன்ல நிக்குது, அதை மீட்டுக் குடுக்கவேணும். மிச்சத்தைச் சின்னவனுக்கு..."

"நான் எங்க இரிக்கிற?"

"மூத்த மருமகள் வரச்சொல்லித்தானே இரிக்கா."

"அவட வீட்டில, அவட பத்திக்குள்ள. என்ன?" வதனி கையைச் சீலையில் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் புருசன் பக்கம் திரும்பவில்லை. "நாப்பத்தினாலு. காசு எண்ட பேரில வங்கியில விழவேணும்."

"அக்கா, என்னட்ட நாப்பத்திரெண்டுக்கு மேல இல்ல."

"பாவம் பாத்து விக்க ஏலாது புள்ள. எண்ட தங்கச்சிட வளவுக்க எனக்கு ஒரு அறை போடவேணும். கதவுள்ள அறை. நாப்பத்தினாலு."

குறைக்க மாட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தனுஷியாவுக்குக் கோபம் வரவில்லை. இன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட முதல் நேர்மையான விலை இதுதான். தன் கைகளைப் பார்த்தாள். கலியாணத்துக்கென்று அம்மா சீட்டுப் பிடித்துச் செய்து போட்ட இரண்டு காப்பு. பவுன் ஏறிக் கிடக்கிற காலம். ஒன்று குறைகிற காசுக்கு, மற்றது உறுதிக்கும் முத்திரைக்கும்.

"சரி அக்கா. நாப்பத்தினாலு."

"ஆம்பிளயள் இல்லாம முடிக்கிற வேலையா இது?" என்று வினாயகமூர்த்தி முற்றத்தைப் பார்த்துக் கேட்டார். இரண்டு பெண்களும் அதற்குள் உறுதி எழுத எந்த நொத்தாரிசிடம் போவது என்று கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

காப்பு இரண்டும் காத்தான்குடி நகைக்கடையொன்றில் உருகப் போனபோது அம்மா மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் கதைத்தாள், கதைக்காமலே இருந்திருக்கலாம்.

"வெறுங்கையோட நிக்கிற பொண்ண ஆரு கட்டுவான்?"

"வெறுங்கையில்ல அம்மா. கிணத்தோட, மாமரத்தோட நிக்கிறன்."

"அத்தானிட்ட மன்னிப்புக் கேள். பால் காய்ச்ச அவர் வந்து பெரியாளா நிண்டா நானும் வருவன்."

"கேக்க மாட்டன்."

உறுதி முடிந்தது. கடன் தவணை அவளுடைய சம்பளத்தில் பாதியைத் தின்னும், பதினைந்து வருசத்துக்கு. கையெழுத்து வைக்கும்போது அது தெரிந்துதான் வைத்தாள்.

சாமான் ஏற்ற ஓட்டோவோடு அக்கா வீட்டுக்குப் போனபோது பிரதீஸ் விறாந்தையில் கதிரை போட்டு, வழியை மறித்தாற்போல இருந்தார். அக்கா றஞ்சிதா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அம்மா பத்தி வாசலில். தனுஷியா தன் புத்தகப் பெட்டியையும் பாயையும் மின்விசிறியையும் தூக்கி அவரைச் சுற்றிச் சுற்றி நடந்து ஏற்றினாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

கடைசிப் பெட்டிக்குப் பிரதீஸ் வாய் திறந்தார். "ஆம்பிளத் துணையில்லாமப் படுவான்கரையில எத்தின நாள் நீ இரிக்கப் போறா எண்டு பாப்பம்."

"வந்து பாருங்க அத்தான். ஆனா கேற்றடியில நிண்டு கேட்டுட்டு உள்ள வாங்க. அது எண்ட வளவு." மூச்சு வாங்கினாள். "நீங்க கதிரை போட்டு இரிக்கிற இதுவும் அக்காட வளவுதான். அவளிட்டயும் ஒரு நாளைக்குக் கேட்டுப் பாருங்க."

"வாயப் பொத்தடி!" என்று கத்தியது பிரதீஸ் இல்லை, அக்கா. தனுஷியா அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். றஞ்சிதாவின் கண் நிறைந்திருந்தது. "என்னை ஏன் இழுக்கிற? நான் இவரோட இரிக்கவேணும். நீ போ. போய் உன்ட வீட்டில இரி."

அது காப்பை விட, கடனை விடக் கூடின விலை. தனுஷியா அதையும் கட்டினாள். கடைசிப் பெட்டியையும் ஏற்றிவிட்டு ஓட்டோவில் ஏறினாள்.

ஓட்டோ கிளம்பும்போது அம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். குரலில் கோபமா, பயமா, இரண்டும்தானா.

"புதுவீட்டில ஆரு பால் காய்ச்சிற? ஒரு சோடியாவது நிக்கவேணாமா?"

"நான்தான் காய்ச்சிற!" தலையை வெளியே நீட்டிக் கத்தினாள் தனுஷியா. தெருவே கேட்கட்டும் என்றுதான். "கட்டினவளா கட்டாதவளா எண்டு பாத்தா அம்மா பால் பொங்கும்?"

பக்கத்து வீட்டுப் படலைகள் இரண்டு திறந்தன. ஓட்டோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க தங்கச்சி, பாலத்துக்கு அங்காலயா?" என்று கேட்டார்.

"ஓம், அங்கால. வழியில மண் கொத்த ஒரு மம்பெட்டியும் கொஞ்சம் கொச்சிக்காய்க் கன்றும் வாங்கவேணும். கடையில நிப்பாட்டுங்க."